இரண்டு ஓட்டம் குறைய

துரைமார் என்றால் முன்னெழுத்து முன்னால்,
கூலிக்கு ஆடுகிறவன் என்றால் பின்னால்.
ஸ்கோர் புத்தகத்தில் பெயர் எழுதும் முறை
வேல்ஸில் அப்படியாம்.
"எங்களுக்கு எல்லோருக்கும் முன்னால்தான், சேர்.
தகப்பன் பெயர்."
இத்வால் புரொசர் சிரித்தார்.
"அப்போ திருகோணமலை முழுக்க
அமெச்சூர்கள்தான், கோணாமலை."

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி கட்ட வந்தவர்.
கிழமை முழுக்க இரும்புத் தகட்டுக்குள் வெந்து
சனிக்கிழமை மத்தியானம்
வெள்ளைக் கால்சட்டை சைக்கிள் கைபிடியில் ஆட
கோட்டையடி மைதானத்துக்கு வருவார்.
நிலக்கரிக் குழிக்குள் இறங்கிய வீட்டுப் பிள்ளை.
புருவத்துக்கு மேலே நீலமாய் ஒரு கோடு,
கரித்தூள் உள்ளே தங்கி ஆறிய காயம்.
பச்சை குத்தினதா என்று கேட்டேன் ஒருமுறை.
"சம்பளத்தில் பிடிக்காமல்
அவர்கள் கொடுத்தது இது மட்டும்."

அவர் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து
இங்கிலீஷ்காரர் நாக்குக்குப் பிடிபடாது.
எனக்கே ஒழுங்காய் வராத ழகரத்தைப்
பதிலுக்குக் கொடுத்தேன்.
இரண்டு பேரும் எச்சில் தெறிக்கப் பழகினோம்.

கவுண்டி அணிக்கு அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்.
பூச்சியமும் மூன்றும்.
அதைச் சொல்லும்போது குரல் தாழாது.
கொழும்பில் ஆட்டம் என்றால்
கிளப் கொடுக்கும் ரயில் காசைத் தொடமாட்டார்.
"கூலி வாங்காமல் நான் செய்கிற ஒரே வேலை."
மிச்ச மாதம் பாணும் சம்பலும்.

கச்சான் காற்று பிய்த்தெறிந்த ஓர் ஆனி மாதம்,
கப்பல்காரருடன் ஆட்டம்.
கயிற்றுப்பாய் விரித்த தரை.
கச்சான் விற்கிறவன் கச்சானைத் திட்டிக்கொண்டு
கூடையை மூடினான்.
எல்லையோரம் நாலைந்து புள்ளிமான்கள்.
இந்தத் தீவில் ஒருநாளும் ஐம்பது தொடாத மனுசன்
அன்றைக்கு அடித்துக்கொண்டே போனார்.
நாற்பத்தாறில் நின்று வெட்டிய பந்து
ஒரு கிழட்டு மானின் விலாவில் பட்டு நின்றது.
மான் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.
நடுவராய் நின்ற கப்பல் டொக்டர், நல்ல மனுசர்,
நாலு என்று கையை ஆட்டினார்.
எழுதினேன். ஐம்பது.
அடுத்த பந்தில் விக்கெட் பறந்தது.

காப்புக் கழற்றாமல் நேரே என் மேசைக்கு வந்தார்.
"பந்து நின்றது. நாங்கள் ஓடியது இரண்டு."
"நடுவர் நாலு காட்டினாரே, சேர்."
"மான் எல்லைக்கோடு இல்லை, கோணாமலை."
பேனைக்கத்தியால் மையைச் சுரண்டினேன்.
தாள் ஓட்டையாகிப் போனது.
ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு.

தேத்தண்ணி நேரம்
டொக்டர் கால்சட்டையைச் சுருட்டி
முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.
"முசுறு. புரொசர் முதல் இரண்டு ஓடும்போதே
ஏறிவிட்டது. தட்டித் தட்டி அலுத்தேன்."

எனக்கு வியர்த்தது.
நடுவர் முழங்காலைத் தொட்டால்
காலில் பட்ட ஓட்டம்,
ஆடுகிறவன் கணக்கில் சேராது.
அந்த இரண்டை உதிரியில் போட்டிருந்தேன்.
கண்டேன் என்று கையை வேறு உயர்த்தியிருந்தேன்.

சொல்லியிருக்கலாம்.
இன்னொரு தரம் சுரண்டத் தாள் தாங்காது
என்று எனக்கே சொன்னேன்.
நாற்பத்தெட்டைப் பார்த்து அவர் முகத்தில் வந்த
நிம்மதியைக் கெடுப்பானேன் என்றும் சொன்னேன்.
உள்ளது என்னவென்றால்,
கூட்டல் பிழைத்த கிளாக்கரை
டொக்யார்ட் வைத்திருக்காது.

அடுத்த வருசம் வேலை நின்று
அவர் கப்பலேறினார்.
பிறகு ஒரு கடிதம்:
குழியைப் பூட்டிவிட்டார்கள்.
இப்போது எல்லா நாளும் சனிக்கிழமை,
ஆனால் மழை.
மான் கதையை மகன் நம்ப மறுக்கிறான்,
அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து
அனுப்ப முடியுமா?

ஓட்டையைப் பிரதி எடுப்பது எப்படி?
பக்கத்தையே கிழித்து உறையில் வைத்தேன்.
முத்திரை ஒட்டிய பிறகுதான் உறைத்தது:
உதிரி, இரண்டு. அன்று வேறு உதிரியே இல்லை.
அந்தப் பந்து துடுப்பின் நடுவில் பட்டதை
அவர் கை மறந்திருக்குமா?

பதில் வரவில்லை.
மழையாக இருக்கலாம்.